பாதிப் பெடல்

"முழுசா அமுக்குங்க சார்," என்றார் டாக்டர், பானட்டுக்குள் தலையை விட்டபடி.

"முழுசாத்தான் அமுக்கியிருக்கேன்," என்றார் நிதானம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி.

"இல்ல சார். பாதிதான் வருது."

"யோவ், இதுக்கு மேல அமுக்கினா என் கால் உன் ஷெட்டுத் தரையில வந்து நிக்கும்."

இருவருக்கும் நடுவில் கிடந்தது ஓர் அமெரிக்க பானட். சாதாரண பானட் இல்லை. ஒரு குடும்பத்தின் ஒரு வாரத் துணியை அதன்மேல் காயப்போடலாம். போர்வைக்கும் இடம் மிச்சமிருக்கும். இந்த முனையில் பேசினால் அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் பேசியவருக்குக் கோபம் ஆறிவிடும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடையைக் கட்டிக்கொண்டு போனபோது விட்டுப்போன வண்டி அது. எட்டு சிலிண்டர். பின்பக்கம் இரண்டு துடுப்பு. தெருவில் திருப்ப வேண்டுமென்றால் முதலில் தெருவைத் திருப்ப வேண்டும். அக்கம்பக்கத்தில் அதற்குத் திமிங்கலம் என்று பெயர். பெட்ரோல் பங்க்கில் அது நுழைவதைப் பார்த்தால் பங்க்காரர் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்பார்; அவர் சொந்த மாமனாருக்குக்கூட அப்படி எழுந்ததில்லை.

டாக்டர் என்பது மெக்கானிக். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். நடந்து வந்த வண்டியையும் படுக்க வைத்துவிடும் கைராசி என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்களும் சொல்வார்கள், கொஞ்சம் மெதுவாக.

நிதானம் என்பதும் வைத்த பெயர்தான். ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பரிசோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற பாதிப் பேர் அவரிடம் ஒரு தடவையாவது தோற்றவர்கள். எட்டுப் போடச் சொன்னால் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், பின்னால் பார்த்து ஹாரன் அடித்திருப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். இறங்கும்போது இவர் சொல்வார்: "தம்பி, கையில தப்பில்ல. கால்ல அவசரம் இருக்கு. அது அடங்கின பிறகு வா." பெண்ணைப் பெற்றவர்கள் சிலர், மாப்பிள்ளைப் பையன் இவரிடம் எத்தனையாவது தடவையில் பாஸானான் என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே இவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவருக்கு இந்த வயதில் எதற்கு வேகம் என்று கேட்கலாம். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, புதிதாக ஒரு பேட்டரிக் கார் வாங்கியிருந்தான். சோப்புப் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். மேம்பால ஏற்றத்தில் திமிங்கலம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சோப்புப் பெட்டி சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்தது. மச்சான் கண்ணாடியை இறக்கி, "அத்தான், தள்ளிவிடணுமா?" என்று கேட்டுவிட்டுக் கையாட்டிக்கொண்டே போய்விட்டான். நிதானம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

பழைய கார்புரேட்டரும் அப்போது ஒழுக ஆரம்பித்திருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. பழையதற்கு இரண்டு தொண்டை. அதை வழக்கமாகப் பார்க்கிற கிழ மெக்கானிக் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதால் வண்டி முதல்தடவையாக டாக்டரிடம் வந்தது. டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சார், இந்த எஞ்சினுக்கு ரெண்டு தொண்டை எந்த மூலைக்கு? யானைக்கு ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடுக்குறீங்க. நாலு தொண்டை போடுவோம். அது உக்கார்ற மேனிஃபோல்டையும் மாத்திடுவோம். சாதாரணமா போனா முன்னால இருக்கற ரெண்டு தொண்டைதான் வேலை செய்யும். பாதிக்கு மேல மிதிச்சீங்கன்னா பின்னால ரெண்டும் திறக்கும் பாருங்க, உங்க மச்சான் வண்டி காத்துல பறந்து மரத்துல மாட்டிக்கும்," என்றார்.

மரத்தில் மாட்டிய சோப்புப் பெட்டியை நிதானம் மனக்கண்ணில் ஒரு நிமிஷம் பார்த்தார். சம்மதித்துவிட்டார்.

எல்லாம் மாட்டியாயிற்று. சாமான் கப்பலில் வந்து சேருவதற்குள் டாக்டருக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி பழையபடியே ஊர்ந்தது. பிளக்கின் மேல் பழியைப் போட்டுப் பிளக்கை மாற்றினார். பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயிலின் மேல் போட்டார், அதையும் மாற்றினார். பெட்ரோலில் கலப்படம் என்றார். பிறகு காற்றில் ஈரம் என்றார். காற்றை மாற்ற முடியாது என்பதால்தான், கடைசியில் நிதானத்தை உள்ளே உட்கார வைத்துப் பெடலை அமுக்கச் சொல்லிவிட்டுக் கார்புரேட்டரையே உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க அப்படியே காலை எடுத்துடுங்க. நான் இங்கேருந்து கையால இழுக்கறேன்."

இழுத்தார்.

முதலில் உள்ளே ஏதோ நீளமாக மூச்சை இழுத்தது. அடுத்து திமிங்கலம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு எழுந்தது. ஷெட்டின் தகரக் கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தன. அவற்றில் பாதி இன்னும் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் இரண்டு மாதம் தள்ளிப் புரண்டது. நாலு வீடு தள்ளி, அதுவரை தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து ஓடியதாக அதன் தாத்தா சத்தியம் செய்கிறார். டாக்டர் கையை எடுத்துவிட்டுப் பேயறைந்த மாதிரி நின்றார். நிதானம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். இத்தனை வருஷம் அவர் ஓட்டின வண்டி இதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து ரூமில் முப்பது வருஷமாகக் குடியிருந்த சாதுவான மனுஷன் திடீரென்று பாட ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"கோளாறு இங்க இல்ல சார்," என்றார் டாக்டர். "உங்க கால்கிட்டதான் இருக்கு."

இரண்டு பேரும் குனிந்தார்கள். பெடலுக்குக் கீழே தரைக் கார்பெட். கெட்டியான நீல நிறத் துணி, நிதானத்தின் மனைவி தன் கையாலேயே தைத்தது. தையல் வகுப்பு நடத்துகிறவள். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பழையதைக் கழற்றிப் புதியது தைத்துப் போடுவாள். 'வண்டிக்குக்கூடப் பாவாடை தைக்கிறா' என்று இவர் ஆபீஸில் பெருமையடித்ததுண்டு. டாக்டர் பெடலுக்கு நேர் கீழே விரலால் அழுத்தினார். "சார், மெத்துனு இருக்க வேண்டிய இடம் கல்லு மாதிரி இருக்கு."

அந்த இடத்தில் மட்டும் துணி தனியாக ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. நிதானம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தார். நூலை மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை மடிப்புக்குள் பாதி ஒளித்து, நுனியைக் குறுக்கே விட்டிருந்தது. அவருடைய சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றிலும் இருக்கிற அதே முடிச்சு. தலை நரைத்த பிறகு ஒரு மனுஷனுக்குத் தன் பெயர் மறக்கலாம், இந்த முடிச்சு மறக்காது.

டாக்டர் பிளேடால் தையலைப் பிரித்தார். உள்ளே, சோப்புக் கட்டி அளவில், வழவழவென்று இழைத்த ஒரு மரக்கட்டை. தரைத் தகட்டோடு சேர்த்து இரண்டு ஸ்குரூ. பெடல் பாதி வழி வந்ததும் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

"எலி ஏதாவது..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"எலி ஸ்குரூ போடாது," என்றார் நிதானம்.

வண்டியை வீட்டுக்கு டாக்டர்தான் ஓட்டி வந்தார். நிதானம் பக்கத்தில், கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பரிசோதகர் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். டாக்டருடைய காலில் அவசரம் இருந்தது. வழக்கமாக அதை அவர் சொல்லியிருப்பார்.

மனைவி ஜன்னலோரம் மிஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டையைத் துணியின்மேல் வைத்தார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். கட்டையைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கழட்டிட்டீங்களா," என்றாள்.

'இது என்ன' என்று கேட்பாள், 'எனக்கென்ன தெரியும்' என்பாள், குறைந்தபட்சம் ஒரு திடுக்கிடலாவது காட்டுவாள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் வீண்போயிற்று. நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவி உட்கார்ந்தார்.

"நீதானா?"

"வேற யாரு?"

"எப்போ?"

"பாப்பாவை ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டு வந்தோமே. அடுத்த வாரம்."

அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது, அதாவது ஞாபகம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கைக்கு வந்த வண்டி, புதுக் குழந்தை, நல்ல வெயில். மனைவி இப்போது நினைவுபடுத்திய அதே நாளில் ஒரு பாலமும் இருந்தது. பாலத்தில் முன்னால் ஒரு லாரி, எதிரே ஒரு லாரி. நடுவில் இருந்த இடத்தில் ஒரு சைக்கிள்கூடப் போக யோசிக்கும். இவர் போனார். போய்ச் சேர்ந்த பிறகு சிரித்தார். 'பாத்தியா, எப்படி எடுத்தேன்' என்று அவளிடம் கேட்டார். அவள் குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அவர் ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கட்டையை வெச்ச அன்னைக்கு வண்டியை எடுத்துட்டுப் போனீங்க. சாயங்காலம் திரும்பி வந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஐயோ, இருந்தது. அதை எப்படி மறப்பார். வாசலிலேயே நின்று, கண் கலங்க, 'பிள்ளைன்னு ஒண்ணு வந்ததும் என் கால் தானா அடங்கிடுச்சும்மா' என்று சொன்னார்.

"அவ்வளவு சந்தோஷமா சொல்றவர்கிட்ட, இல்லங்க, அது கட்டைன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் போகட்டும்னு பாத்தேன். நீங்க அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்டீங்க."

ஊரெல்லாம் சொன்னது உண்மை. ஊரெல்லாம் என்றால் ஊர் மட்டுமா. லைசென்ஸ் கேட்டு வந்த பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சொன்னார். ஓய்வு பெற்ற நாளில் மைக்கைப் பிடித்து மைக்கே அழுகிற அளவுக்குச் சொன்னார். மகள் கல்யாண மேடையில், 'இந்தக் குழந்தையைக் கையில் வாங்கின அன்றைக்கு என் காலிலிருந்து வேகம் இறங்கிப் போய்விட்டது' என்றார். அப்போது மகளுக்கு இருமல் வந்தது. மச்சான் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவரப் போனான். மனைவி பூமாலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சின் உருக்கம் என்று அவர் நினைத்திருந்தார்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, பெடலுக்கடியில் கிடைத்ததைச் சொன்னார்.

"அந்தக் கட்டையா அப்பா," என்றாள் மகள்.  "யாரு சொன்னா?"

"உனக்கு எப்போ தெரியும்?"

"எட்டாவது படிக்கறப்போ பேனா பெடலுக்கடியில உருண்டு போச்சு, தேடினப்போ கையில தட்டுச்சு. அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"உங்க மாமாவுக்கு?"

"மாமாதானே அப்பா இழைச்சுக் குடுத்தாரு."

நிதானம் போனை வைத்தார். தள்ளிவிடணுமா என்று கேட்டவன். கட்டையை இழைத்துக் கொடுத்தவனே அப்படிக் கேட்டிருக்கிறான்.

"பழைய மெக்கானிக்குக்கும் தெரியுமா?"

"பாவம், நான் துணி மாத்தறப்பல்லாம் அவரு அதைக் கழட்டி, தொடச்சு, திரும்ப மாட்டுவாரு. ஒரு தடவை மக்கிப் போச்சுன்னு புதுசு போட்டாரு. இது ரெண்டாவது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இங்கே ஒரு குடும்பம் முழுப் பூசணிக்காயை அவர் காலுக்கடியிலேயே மறைத்துவைத்து, அதன்மேல் நீலத்துணியும் போட்டு, முப்பது வருஷம் அவரை அதன்மேல் மிதிக்க விட்டிருக்கிறது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு வெற்றிடம். அவரிடம் தோற்ற பையன்களின் முகங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொருவனுக்கும் 'கால் அடங்கின பிறகு வா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஒரு கட்டை இருந்திருந்தால் அவர்களும் முதல் தடவையிலேயே பாஸாகியிருப்பார்கள்.

வண்டி வாசலிலேயே நின்றது. புதிய கார்புரேட்டர், புதிய மேனிஃபோல்டு, கட்டையில்லாத பெடல். அவர் தினமும் காலையில் போய்ச் சீட்டில் உட்காருவார், ஸ்டார்ட் பண்ணுவார், நின்ற இடத்திலேயே அது உறுமுவதைக் கேட்பார், அணைத்துவிட்டு வந்துவிடுவார். மாமியாரைப் பார்க்கப் போகும் புது மாப்பிள்ளை மாதிரி வாசல் வரைக்கும் போய்த் திரும்புவார். மனைவி தையல் வகுப்புக்குக் கிளம்பும்போது, "கொண்டுவிடறேன் வா," என்றார் ஒரு நாள்.

"கட்டை இருக்கா?"

"இல்ல."

"அப்ப பஸ் இருக்கு," என்று போய்விட்டாள்.

திரும்பக் கட்டையைப் போட்டுக்கொள்வது பெரிய விஷயமில்லை. இரண்டு ஸ்குரூ. அவரே போட்டுவிடலாம். ஆனால் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: இத்தனை வருஷம் வண்டியை ஓட்டினது அவரா, கட்டையா. தெரியாமல் அவரால் இனிமேல் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம்கூடச் செய்ய முடியாது. இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டும் விட்டார். தனியாக ஓட்டிப் பார்த்தால் பிரயோஜனமில்லை. அன்றைக்குப் பாலத்தில் அவர் தனக்காக ஓட்டவில்லை, அவள் பார்க்கட்டும் என்றுதான் ஓட்டினார். அது மட்டும் அவருக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அவள் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தால்தான் அது பரீட்சை.

இதை அவளிடம் சொன்னார். எப்படிச் சொன்னார் என்றால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி, "நான் பாஸா பெயிலான்னு தெரியணும்மா," என்றார். அவ்வளவுதான். அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். 

விடுமுறை நாள் காலையில் அவள் கைப்பையோடு வந்து பின் கதவைத் திறந்தாள்.

"பின்னாலயா?"

"முன்னால உக்காந்தா என் கால் தானா பிரேக்கைத் தேடும். இங்கேயே இருக்கேன். போங்க."

சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சாலை உண்டு. வேலைநாளில் லாரிகள் நெருக்கியடிக்கும். விடுமுறையில் அதில் ஒரு நாய்கூடப் படுக்காது, பார்க்க ஆளில்லாத இடத்தில் படுத்து என்ன பயன் என்று. கோடு போட்ட மாதிரி நேராக, கடைசியில் வானத்தில் போய் முட்டுகிற சாலை. நிதானம் அதன் முனையில் வண்டியை நிறுத்தி, சீட்டைச் சரிசெய்து, பின் கண்ணாடியைச் சரிசெய்தார். பரிசோதனைக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு மிதித்தார்.

திமிங்கலம் நகர்ந்தது. கிடங்குக் கதவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கால் கீழே போனது, இன்னும் கொஞ்சம் போனது, பாதிக்கு வந்தது. நின்றது.

அவர் கீழே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. பெடலுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. கட்டை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும். அந்த இல்லாத கட்டையின்மேல் அவருடைய கால் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.  ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மைக் இல்லை.

"பாத்தியா," என்றார்.  "ஒண்ணுமே இல்லம்மா அங்க. தானா நின்னுடுச்சு. நிஜமாவே அடங்கிடுச்சு."

பின்னாலிருந்து பதில் இல்லை. ஒரு கிடங்கு போனது. இன்னொன்று போனது. அந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இப்போது அவருக்குப் புரியவில்லை. முன்பு என்றால் சட்டென்று ஏதாவது ஒன்றாக எடுத்துக்கொண்டிருப்பார்.

"அன்னைக்குப் பாலத்துல," என்றாள் அவள், "நான் கண்ணை மூடிட்டேங்க."

"ம்."

"எவ்வளவு வேகம்னு நான் பாக்கவே இல்ல."

வண்டி நிதானமாக உருண்டுகொண்டிருந்தது. கைப்பையின் பட்டையை அவள் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அமுக்குங்க," என்றாள்.

அவர் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்தார். நடந்ததையெல்லாம் பார்த்தால் இதுவரை வாழ்க்கையில் எல்லாவற்றையும் தப்பாகக் கேட்டிருக்கிற மனுஷன்.

"என்னது?"

"பயமா இருக்கறப்பவே அமுக்கிடுங்க. அப்புறம் எனக்குத் தைரியம் வந்து, வேணாம்னு சொல்லிடுவேன்."

அவருடைய கால் வரமாட்டேன் என்றது. அதை அவர் மெல்லத் தள்ளினார், அடம்பிடிக்கிற மாட்டைத் தொழுவத்தைவிட்டுத் தள்ளுவது போல. பாதியைத் தாண்டியது. ஒரு விரற்கடை. எஞ்சினுக்குள் நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போக ஆரம்பித்தது, போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் கிடங்குகளின் தகரக் கதவுகள் அத்தனையும் ஒருசேர அதிர்ந்தன. சீட்டு அவருடைய முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டது. முன்னால் இருந்த நீளமான பானட் மூக்கைத் தூக்கி வானத்தைக் காட்டியது. கை தானாக ஸ்டியரிங்கை இறுக்க, கண் தானாகப் பின் கண்ணாடிக்குப் போனது.

இத்தனை வருஷமும் அவள் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓட்டும்போது அவளை நேருக்கு நேர் அவர் பார்த்ததே இல்லை. இப்போது அந்தச் சின்னச் சதுரக் கண்ணாடி முழுக்க அவள் முகம்தான். ஜன்னல் காற்றில் நரைமுடி கொண்டையைவிட்டுப் பிரிந்து நெற்றியிலும் கன்னத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது, கடைவாய்ப் பல் தெரிகிற அளவுக்கு. எஞ்சின் போட்ட சத்தத்தில் அது சிரிப்பா, அலறலா என்று ஒன்றும் கேட்கவில்லை. காலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கண்ணாடியையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். சாலை அவருக்கு முன்னால் மெலிந்து, மெலிந்து, ஒரு நூல் அளவுக்கு வந்துகொண்டிருந்தது.